மத்திய அரசும் மாநிலமும்: ‘சமநிலை’ என்னும் உருவகம் பற்றிய ஒரு நோக்கு

கூட்டாட்சி பற்றிய ஆவணங்கள் சட்ட வல்லுநருக்கும் அரசறிவியலாளருக்குமே உரியன என்னும் எண்ணம் இலக்கிய மாணவரிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் ஆணைக்குழு அறிக்கையும் சட்டமன்றத் தீர்மானமும் கட்சி முழக்கமும் மொழியாலானவை. குறித்த வரலாற்றுச் சூழலிலே, குறித்த வர்க்கச் சார்புடையோரால், குறித்த மக்கட் பகுதியினரை நோக்கி ஆக்கப்பட்டவை. அவற்றுக்கும் உருவகங்கள் உண்டு. எழுவாயும் பயனிலையும் உண்டு. சொல்லாது விட்டவையும் உண்டு. இந்தியாவிலே மத்திய - மாநில உறவு பற்றி எழுந்த ஆவணங்கள் சிலவற்றை இவ்வகையிலே நோக்குவது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

இம்முயற்சி அயல்நாட்டு விவகாரம் ஒன்றின்மீது கொண்ட ஆர்வத்தால் மட்டும் மேற்கொள்ளப்பட்டதன்று. 1987ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பிற் செய்யப்பட்ட 13ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாக வகுத்த முறையும், மாகாணத்தின் தலையிலே மேலிருந்து நியமிக்கப்படும் ஆளுநர் ஒருவரை இருத்திய முறையும் இந்திய அமைப்பை அடியொற்றியவை. மூலத்தை நுணுகி அறியாது அதன் படியை மதிப்பிடுதல் இயலாது. ஒரு சொல் வேறுபாடும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. நாம் ‘சமஷ்டி’ என்று வழங்குவதைத் தமிழகத்தார் ‘கூட்டாட்சி’ என்பர். முன்னையது இந்நாட்டிலே கோரிக்கையாகவே வாழ்ந்து அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே ஏற்ற சொல். பின்னையது ஏலவே உள்ளதாகக் கருதப்படும் ஓர் ஏற்பாட்டின் பெயர்.

மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரச் சமநிலை வேண்டும் என்பது எவரும் மறுக்காத வாசகம். மாநிலக் கட்சிகள் அதனைக் கோரிக்கையாக முன்வைக்கும். மத்தியில் ஆள்வோர் அது ஏலவே உள்ளது என்பர். 1983இல் அமைக்கப்பட்டு 1987 ஒக்டோபரில் 247 விதப்புரைகளோடு அறிக்கை கையளித்த சர்க்காரியா ஆணைக்குழுவோ, அரசியலமைப்பின் அடித்தளத்தைப் பெரிதும் மாற்றாது நடைமுறையைச் சீர்செய்தாற் போதும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. எல்லாரும் ஒருமுகமாக ஏற்கும் சொல்லை ஐயுறுவது திறனாய்வாளரின் கடமை. சமநிலை என்பது தராசிலிருந்து பெறப்பட்ட உருவகம். இரு தட்டுகளிலும் ஓரினப் பொருள்களே உள்ளன என்றும், தராசைப் பிடித்திருப்பவர் எத்தட்டிலும் இல்லாத மூன்றாமவர் என்றும் அது நம்மை எண்ணச் செய்கின்றது. இந்திய அமைப்பிலே இவ்விரண்டும் உண்மையல்ல.

இந்திய அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புரை, எந்த மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மைக்கு வழங்குகின்றது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும். இசைவைப் பெறல் வேண்டியதில்லை. சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிட வேண்டுமென அம்மாநிலச் சட்டமன்றம் 1967 யூலையிலே தீர்மானித்தபோதும், 1968இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி 1969 சனவரியில் அது நடைமுறைக்கு வந்த பின்னரே அப்பெயர் சட்டப்படி நிலைத்தது. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ள இயலாத தட்டொன்றை எத்தராசிலே காணலாம்? இதன் கொடிய வடிவத்தை 2019 ஆகஸ்டிலே கண்டோம். ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரு ஒன்றிய ஆட்சிப்பகுதிகளாகப் பிளக்கப்பட்டபோது, அம்மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் இருந்தமையால், கருத்துக் கேட்கப்பட வேண்டிய சட்டமன்றத்தின் இடத்திலே பாராளுமன்றமே இருந்தது. கேட்டவரும் பாராளுமன்றம், விடை பகர்ந்தவரும் பாராளுமன்றம்.

அரசியலமைப்பின் முதலாவது உறுப்புரை இந்தியாவை மாநிலங்களின் ‘ஒன்றியம்’ என வரையறுக்கின்றது. கூட்டாட்சி என்னும் சொல் அங்கு இடம்பெறவில்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆந் திகதி அரசியல் நிர்ணய சபையிலே இதற்கு விளக்கம் தந்தார்: இக்கூட்டு மாநிலங்கள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கையால் விளைந்ததன்று, ஆகவே பிரிந்துபோகும் உரிமையும் அவற்றுக்கில்லை. பிரிக்கவொண்ணாமையைச் சுட்டவே அச்சொல் தெரிந்தெடுக்கப்பட்டது. 2021இல் திராவிட முன்னேற்றக் கழகம் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் ‘மத்திய அரசு’ என்பதைக் கைவிட்டு ‘ஒன்றிய அரசு’ என வழங்கலாயிற்று. மாநிலங்கள் ஒன்றியமையால் உண்டானதே அவ்வரசு, மாநிலங்களுக்கு மேற்பட்ட மையம் அன்று என்பது அவ்வழக்கின் உட்கிடை. இறுக்கத்தைக் குறிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட சொல், அதே அரசியலமைப்பை மேற்கோள் காட்டியே, தளர்த்தும் கருவியாயிற்று. சொற்குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என வொலோசினொவ் 1929இல் எழுதினார். அதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டைத் தமிழிலே தேடுதல் அரிது. அதே தமிழகத்தில் ஊராட்சிகள் பலவற்றை இணைத்த அமைப்பு ‘ஊராட்சி ஒன்றியம்’ எனப்படுவது. உச்சியையும் அடியையும் ஒரே சொல் குறிக்கின்றது. இடையிலே நிற்பது மாநிலம். இவ்வடியைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

தமிழக அரசு 1969 செப்ரெம்பரிலே அமைத்த இராஜமன்னார் குழுவின் அறிக்கை 1971 மே மாதத்திற் கையளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் மாநில அரசொன்று கூட்டாட்சி அமைப்பை முழுமையாக ஆராயச் செய்த முதல் முயற்சி என்ற வகையில் அதன் வரலாற்றுப் பெறுமதி பெரிது. குழுவின் மூவருள் இருவர் முன்னாட் பிரதம நீதியரசர். மற்றையவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய இலட்சுமணசுவாமி முதலியார். (தலைவர் இராஜமன்னார் தெலுங்கிலே நாடகங்கள் எழுதியவர் என்பதும் சங்கீத நாடக அக்கடமியின் முதல் தலைவர் என்பதும் இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்திகள், அறிக்கையிலோ நாடகாசிரியரின் சாயல் சிறிதும் இல்லை.) மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது உறுப்புரை நீக்கப்பட வேண்டும், எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கு உரியனவாக வேண்டும், பிரதமரைத் தலைவராகவும் முதலமைச்சர்களை உறுப்பினராகவும் கொண்ட மாநிலங்களிடை மன்றம் வேண்டும், நிதி ஆணைக்குழு நிரந்தரமாக வேண்டும் என்பன அதன் விதப்புரைகளிற் சில. இவை துணிவானவை. இன்று படிக்கும்போதும் இவற்றுட் பெரும்பாலானவற்றை முற்போக்காளர் மறுப்பதற்கு நியாயமில்லை.

ஆயின் இவ்வறிக்கையின் எழுவாய் யாது? ‘மாநிலம்’ கேட்கின்றது, ‘மாநிலம்’ இழக்கின்றது, ‘மாநிலம்’ உரிமை உடையது. பழந்தமிழிலே பேருலகைக் குறித்த சொல் இங்கு ஓர் ஆளாக உருக்கொள்கின்றது. ஆளுக்கு ஒரே விருப்பம், ஒரே குரல். நிலவுடைமையாளனும் கூலியுழவனும், ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் அவ்வொரு குரலுக்குள் மறைகின்றனர். 1970இல் திருச்சி மாநாட்டிலே முழங்கப்பட்ட ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்னும் தொடரை யாப்பியல் நோக்கிற் பார்ப்போமாயின் இது இன்னும் தெளிவாகும். முதலிலே மோனை, முடிவிலே இயைபு. ஒன்றை ஒன்று நிறைவு செய்வன போல இரு பகுதிகளும் செவியில் ஒலிக்கின்றன. வாதம் நிறுவ வேண்டியதை ஓசை நிறுவிவிடுகின்றது. இவ்வடியிலே மாநிலத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

ஆட்பெயராக்கம் எதனை மறைக்கின்றது என்பதை அறிய 1959ஆம் ஆண்டின் கேரளத்தை நோக்கலாம். 1957 ஏப்பிரலிலே நம்பூதிரிப்பாடு தலைமையிற் பதவியேற்ற கம்யூனிஸ்ட் அரசு கல்விச் சட்டமூலத்தையும் நில உறவுகள் பற்றிய சட்டமூலத்தையும் கொண்டுவந்தது. கல்விச் சட்டமூலம் குடியரசுத் தலைவரால் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. நிலச் சட்டமூலம் 1959 யூனிலே சட்டமன்றத்தில் நிறைவேறியது. யூலை 31ஆந் திகதி அரசு கலைக்கப்பட்டது. மத்திய அரசு மாநிலத்தை நசுக்கியது என்று இதனை விவரிப்பது பிழையன்று, ஆனால் அரைகுறை. கலைக்குமாறு தில்லியைக் கோரியோர் யார்? ‘விடுதலைப் போராட்டம்’ என்ற பெயரிலே தெருவுக்கு வந்த திருச்சபைத் தலைமையும் நாயர் சமூகச் சங்கமும் நிலவுடைமையாளரும் கேரளத்தவரே. பிளவு திருவனந்தபுரத்துக்கும் தில்லிக்கும் நடுவே ஓடவில்லை. கேரளத்து வயல்களினூடே ஓடிற்று. மத்தியின் அதிகாரம், மாநிலத்தினுள் தோற்கத் தொடங்கிய வர்க்கம் எட்டிப் பிடித்த கைப்பிடியாயிற்று.

பொருளியற் பக்கத்திலும் இதுவே நிலை. அதே 1959ஆம் ஆண்டின் நிதிச்சட்டம், கம்பனிகள் செலுத்திய வருமான வரியை மாநிலங்களோடு பங்கிட வேண்டிய தொகையிலிருந்து பிரித்தெடுத்தது. கைத்தொழில் வளர வளர, வளரும் வரி மத்திக்கே சென்றது. 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தம் வரையில் இந்நிலை நீடித்தது. இது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான குறை. ஆனால் 1950களில் தொடங்கி 1990களின் முற்பகுதிவரை நிலவிய உருக்குக்கான சரக்குக்கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைப் பாருங்கள். நாடெங்கும் உருக்கு ஒரே விலைக்குக் கிடைக்கும்படி செய்யப்பட்டமையால், சுரங்கங்களுக்கு அருகிலிருந்த பீகாரும் வங்காளமும் ஒரிசாவும் தம் இயற்கை அநுகூலத்தை இழந்தன. பம்பாய், சென்னை முதலிய துறைமுக மாநிலங்களின் ஆலைகள் நலம் பெற்றன. ‘வடக்கு வாழ்கிறது, தெற்குத் தேய்கிறது’ என்னும் மேடை வாசகத்திலே இவ்வுண்மைக்கு இடமில்லை. மத்தி என்பது புவியியலிலே ஒரு புள்ளியன்று. அகில இந்திய மூலதனம் ஒன்றுகூடும் இடம். அம்மூலதனத்தின் முகவரி சில வேளை மாநிலத் தலைநகரிலேயே உள்ளது.

இதனைக் கொண்டு மாநில சுயாட்சிக் கோரிக்கை பிராந்திய முதலாளிகளின் பேரமே என ஒதுக்கிவிடும் முற்போக்காளர் சிலர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஒன்றுபட்ட குடியரசை வலியுறுத்திய ஏங்கெல்ஸ் கூட 1891இல் எர்ஃபுர்ட் வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, மேலிருந்து நியமிக்கப்படும் அதிகாரிகளின்றி மாகாணமும் மாவட்டமும் ஊரும் தம்மைத் தாமே ஆளும் உரிமையைக் கோரினார். கூட்டாட்சியை 1913இல் கொள்கையளவில் ஏற்காத லெனின், 1922 டிசெம்பரிலே, நோயுற்ற நிலையில் சொல்லியெழுதுவித்த குறிப்புகளிற் பெருந்தேசிய இன ஆணவத்தை வன்மையாகக் கண்டித்தார். அவர் அஞ்சியது நடந்தது. பிரிந்துபோகும் உரிமையை எழுத்திலே வழங்கிய சோவியத் அரசியலமைப்புகள், கட்சியின் மையப்படுத்தலால் அவ்வுரிமையை வெறும் எழுத்தாக்கின. 1991இல் அவ்வெழுத்தே உயிர்பெற்று ஒன்றியம் கலைந்தது. அதிகாரம் மேலே குவிவது உழைக்கும் மக்களுக்கு நலம் என்று இனியும் வாதிடுவோர் இவ்வரலாற்றைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நமது விமர்சனம் வேறு. சுயாட்சி ஆவணங்கள் மிகையாகக் கேட்டன என்பதன்று. மாநிலத் தலைநகரை எட்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டன என்பது. இராஜமன்னார் குழு அமைக்கப்படுவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1968 டிசெம்பர் 25ஆந் திகதி இரவு, கீழ்த்தஞ்சையிலே கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றிலே எரிக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பொலிஸ் மாநில அதிகாரத்துக்கு உட்பட்ட துறை. காணியும் மாநிலத் துறை. தில்லியின் அனுமதி எதற்கும் தேவைப்படவில்லை. மாநில அரசு 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்தை இயற்றியது என்பதையும் கூறுதல் நேர்மை. ஆயினும் அதிகாரம் பற்றி ஆராயக் குழு அமைக்கப்பட்டபோது, வெண்மணியில் எவ்வதிகாரம் இல்லாமற்போயிற்று என்பது வினாவாக வைக்கப்படவில்லை. மத்திக்கும் மாநிலத்துக்குமிடையிலான உறவே குழுவுக்கு இடப்பட்ட வினா. அறிக்கை தொடாததை நாவல் தொட்டது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்தது. நிலவுடைமையாளனின் வன்முறைக்கு அதிலே தரப்படும் உளவியல் விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. வர்க்கக் காரணத்தை அது மங்கச் செய்தது என்பதே நம் கருத்து. எனினும் அரசதிகாரம் ஓர் ஊரிலே எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய விரும்புபவர், குழுவின் அறிக்கையைவிட அந்நாவலிலே கூடுதலாக அறிவார்.

அதிகாரத்தைக் கீழிறக்கினால் ஆதிக்க சாதியினர் கைக்கே அது செல்லும் என்பது வலுவான மறுப்பு. அம்பேத்கர், நாம் மேலே சுட்டிய அதே உரையிலேதான், கிராமத்தைக் குறுகிய ஊர்ப்பற்றின் இருப்பிடம் எனச் சாடினார். வெண்மணிக்குப் பின் அவரைப் பழமைவாதி எனக் கூறத் துணிவோர் யார்? ஆகவே கீழிறக்கம் மட்டும் போதாது. காணியுறவு மாற்றத்தோடு அது இணைய வேண்டும். இவ்விணைப்பை ஓரளவு செய்துபார்த்தது மேற்குவங்கம். 1977இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி அவ்வாண்டு டிசெம்பரிலே மத்திய - மாநில உறவு பற்றிய மனுவை வெளியிட்டது. மொத்த வருவாயில் 75 சதவீதம் மாநிலங்களுக்குச் செல்ல வேண்டும் என்றும், மத்தி பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தொடர்பாடல், பொருளாதார ஒருங்கிணைப்பு போன்றவற்றோடு அமைய வேண்டும் என்றும் அது கோரியது. மனு தில்லியிலே ஏற்கப்படவில்லை. ஆனால் 1978 யூனில் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய பர்கா நடவடிக்கையின் வழி காலப்போக்கில் ஏறத்தாழ 14 இலட்சம் குத்தகைப் பயிராளர் பதிவு பெற்றனர். மேலே கேட்டதைக் கீழே கொடுக்கவும் முற்பட்டமையே அம்மனுவுக்குக் கிடைத்த சிறந்த உரை.

அவ்வுரையும் கறைபடாது முடியவில்லை. 1991இன் பின் மூலதனத்தை ஈர்க்க மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடலாயின. 2006இல் சிங்கூரிலே டாட்டா மோட்டார் ஆலைக்காக 1894ஆம் ஆண்டின் குடியேற்றகாலச் சட்டத்தைக் கொண்டு நிலம் எடுக்கப்பட்டது. 2007 மார்ச் 14ஆந் திகதி நந்திகிராமத்திலே பொலிசாரின் சூட்டில் 14 பேர் மாண்டனர். பர்காதாரைப் பதிவு செய்த அதே அரசு. இங்கும் தில்லியின் கட்டளை எதுவும் இல்லை.

தமிழகத்தின் முரண்பாடு இரத்தம் சிந்தாதது, அதனாலேயே கவனிக்கப்படாதது. 1973 டிசெம்பரிலே மாநில அரசு சென்னை மாநகராட்சி மன்றத்தை ஊழற் குற்றச்சாட்டின் பேரிற் கலைத்தது. 1974 ஏப்பிரலிலே அதே அரசு இராஜமன்னார் அறிக்கையின் அடிப்படையில் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை மேலதிகாரம் கலைப்பது தவறு என்னும் நியாயம் நான்கு மாதங்களுக்கு முன் சென்னை நகரத்தாருக்குப் பொருந்தாமற் போயிற்று. 1976 சனவரி 31ஆந் திகதி அவ்வரசையே மத்தி 356ஆவது உறுப்புரையாற் கலைத்தது; அது நெருக்கடி நிலைக் காலத்து அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் கலைக்கப்பட்ட மாநில அரசின் இடத்துக்கு 1977இல் தேர்தல் வந்தது. சென்னை மாநகராட்சிக்கோ கட்சிகள் மாறி மாறி ஆண்டும் 1996 வரை தேர்தல் வரவில்லை. அதுவும், பஞ்சாயத்துகளையும் நகராட்சிகளையும் அரசியலமைப்பிலே இடம்பெறச் செய்து 1993இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின் பின்னரே. இரண்டு தசாப்தங்களுக்கு மேற்பட்ட இம்மௌனம் பற்றிச் சுயாட்சி இலக்கியம் பேசுவதில்லை.

இன்றைய மையப்படுத்தல் முன்னையதைவிட நுட்பமானது; ஆட்சியைக் கலைத்தல் அதற்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 1994ஆம் ஆண்டின் பொம்மை வழக்குத் தீர்ப்பு 356க்குக் கடிவாளமிட்டது. மாறாக, 2017 யூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, விற்பனை வரியை விதிக்கும் மாநிலங்களின் தனியுரிமையைப் பெருமளவு ஒரு மன்றத்துக்கு மாற்றிற்று. அம்மன்றத்திலே மத்தியின் வாக்குக்கு மூன்றிலொரு பங்கு நிறை. தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் யாவும் ஒன்றுசேரினும் மத்தி மறுத்தால் எதுவும் நிறைவேறாது. அதன் விதப்புரைகள் கட்டுப்படுத்துவன அல்ல என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியபோதும் வாக்கு நிறை மாறவில்லை. தனிநோக்குத் தீர்வைகளும் மேல்வரிகளும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படும் தொகைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. ஆளுநர் சட்டமூலங்களைக் கிடப்பிற்போடும் வழக்கத்துக்கு 2025 ஏப்பிரலிலே தமிழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காலவரையறை விதித்தது. அவ்வாறு வரையறை விதித்தல் நீதிமன்றத்துக்கு இயலாது என ஐவர் கொண்ட அமர்வு அதே ஆண்டு நவம்பரிலே கருத்துரைத்தது. இவற்றுக்கு எதிராக மாநிலங்கள் நடத்தும் போராட்டம் சனநாயகப் போராட்டமே. அதனை ஆதரிக்கும் பொறுப்பு முற்போக்காளருக்கு உண்டு.

அவ்வாதரவோடு எவ்வினாவைக் கூடவே கேட்கப்போகின்றோம் என்பதுதான் சிக்கல். 2019 டிசெம்பரிலே தேர்தல் நடைபெற்ற தமிழக மாவட்டங்களின் ஊராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் 2025 சனவரியிலே தம் பதவிக்காலத்தை முடித்தன. தேர்தல் நடத்தப்படவில்லை, அவற்றை நிருவகிக்கச் சிறப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். மூன்று மாதங்களின் பின், ஏப்பிரலிலே, மாநில உரிமைகளை மீட்பது பற்றி ஆராய ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையிலே தமிழக அரசு மூவர் குழுவொன்றை அமைத்தது. இராஜமன்னார் குழுவைப் போன்றே இக்குழுவுக்கு இடப்பட்ட வினாவும் ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான உறவு பற்றியதாகவே அமைந்தது.